பாட்டியின் கண்ணளவை எழுதி வைப்பது எப்படி? பிலிப்பினோ நோச்சே புவேனா சமையல் பற்றிச் சில சந்தேகங்கள்

மணிலா_மருமகள் கேட்டது:

வணக்கம். டிசம்பர் 24 நள்ளிரவுப் பூசை முடிந்ததும் உட்காரும் நோச்சே புவேனா விருந்து எங்கள் வீட்டில் முழுக்க அத்தை கையில்தான் இருக்கிறது (பிள்ளைகளுக்கு லோலா, அதாவது பாட்டி). பிபிங்கா (அரிசி கேக்), பூத்தோ பும்போங் (ஊதா அரிசிப் புட்டு), லெச்சே ஃபிளான் (கேரமல் கஸ்டர்ட்), எம்புதிடோ (கறி உருளை), லூம்பியா (பொரித்த கறிச் சுருள்), பன்சித் (சேமியா), ஹமோன் (பதப்படுத்திய பன்றிக்கறி), அப்புறம் புத்தாண்டு இரவு மேதியா நோச்சே விருந்துக்கு பீகோ (ஒட்டும் அரிசி இனிப்பு). எதற்கும் எழுதிய அளவு கிடையாது. கேட்டால் "தான்த்யா" என்பார். நம் கண்ணளவுதான்.

வயது ஏறுகிறது, இந்த வருடமாவது எழுதி வைத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு 8, 13, 19 வயது. மூவருக்கும் சாப்பிட ஆசை, அடுப்படிக்கு வர ஆசை இல்லை. அளவு தெரியாதவரிடமிருந்து அளவை எப்படி எடுப்பது? எந்தப் பண்டத்தில் பதம் தவறும், எங்கே தவறும்? பிள்ளைகளுக்கு எந்த வேலையைக் கொடுக்கலாம்? கடைசி நாளில் எல்லாம் ஒன்றாக வந்து விழாமல் இருக்க எந்த வரிசையில் செய்வது? விவரமாகச் சொன்னால் நல்லது.

---

தராசுத்தட்டு எழுதியது:

அளவு கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார், அது பெரும்பாலும் தப்பாக இருக்கும். கை செய்வதை வாய் சொல்லாது.

அதற்குப் பதில், அவர் சமைக்கத் தொடங்கும் முன் மாவு டப்பா, சர்க்கரை டப்பா, வெண்ணெய்ப் பொட்டலம், எண்ணெய்ப் புட்டி எல்லாவற்றையும் தராசில் வைத்து எடையை எழுதிக்கொள்ளுங்கள். அவர் வழக்கம்போல அள்ளிப் போடட்டும். முடிந்ததும் அதே டப்பாக்களை மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் அளவு. தண்ணீருக்கும் தேங்காய்ப்பாலுக்கும் ஆளுக்கொரு கோடு போட்ட குடுவை வைத்து, "இதிலிருந்து மட்டும் எடுங்க" என்று சொன்னால் போதும். உப்பு, மிளகுக்கு 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும், சமையலறைத் தராசு அங்கே உதவாது. ருசி பார்த்து மறுபடி உப்பு போட்டால் அதைத் தனி வரியில் எழுதுங்கள், முதல் அளவோடு கூட்டிவிடாதீர்கள். இரண்டாவது உப்பு எதைச் சரிசெய்யப் போட்டது என்பது முதல் அளவைவிட முக்கியம்.

ஒரே தடவை எடுத்த கணக்கை நம்ப வேண்டாம். மூன்று தடவை எடுங்கள். மாவு 230, 250, 240 கிராம் என்று வந்தால் 240 என்று எழுதிக்கொள்ளலாம். தேங்காய்ப்பால் 250, 400, 320 மில்லி என்று வந்தால் அது அளவே இல்லை, பதம் பார்த்து ஊற்றுகிறார் என்று அர்த்தம். அங்கே எண்ணை விட்டுவிட்டுப் பதத்தை எழுதுங்கள்: கரண்டியிலிருந்து நாடா மாதிரி விழணுமா, சொட்டணுமா.

அவர் சொல்லும் தகாலோக் (மணிலா பக்கத்து மொழி) சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். "மலாபொத்" என்றால் குழம்பு திக்காகி கரண்டியில் படிவது. "மகூநத்" என்றால் மெல்லும்போது ரப்பர் மாதிரி இழுப்பது. எல்லாவற்றையும் "கெட்டி" என்று எழுதி வைத்தால் அடுத்த தலைமுறைக்குப் புரியாது.

பெரிய பொறி ஒன்று உண்டு: "ஒரு லாத்தா". லாத்தா என்றால் டின். அவர் மனசில் இருப்பது பழைய கண்டென்ஸ்டு பால் டின். இன்று கடையில் அதே அலமாரியில் தாவர எண்ணெய் கலந்த கிரீமர் டின்களும் நிற்கின்றன, எடையும் பிராண்டுக்குப் பிராண்டு மாறுகிறது. லெச்சே ஃபிளானுக்கு இரண்டும் ஒன்றல்ல. எனவே "ஒரு டின்" என்று எழுதாமல், லேபிளில் உள்ள நிகர எடையையும் அது பாலா கிரீமரா என்பதையும் எழுதுங்கள். லேபிளைப் படம் பிடித்து ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

பாத்திரத்தையும் மறக்கக் கூடாது. ஃபிளான் வேகவைக்கும் முட்டை வடிவத் தகரத் தட்டு (லியானேரா) பல அளவில் வருகிறது. அவருடையதில் தண்ணீர் நிரப்பி எத்தனை மில்லி என்று அளந்து வையுங்கள். பாத்திரம் தெரியாமல் "40 நிமிடம்" என்று எழுதுவதில் பயனில்லை.

கடைசிச் சோதனை: 19 வயதுப் பிள்ளை அந்தத் தாளை மட்டும் பார்த்துச் சமைக்க வேண்டும், பாட்டி பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளை நிமிர்ந்து பார்க்கும் இடமெல்லாம் தாளில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

---

கலபோங்_கிரைண்டர் எழுதியது:

அரிசிப் பண்டங்களைப் பத்தி நான் சொல்றேன். இரண்டையும் தனித்தனியா பார்க்கணும்.

முதல்ல பிபிங்கா. பழைய முறையில மாவு கிடையாது, கலபோங்தான்: அரிசியை ராத்திரி முழுக்க ஊறவச்சு தண்ணியோட அரைச்ச விழுது. நம்ம வீட்டு கிரைண்டர் இருந்தா பாதி வேலை முடிஞ்சது. களிமண் சட்டியில வாழையிலை விரிச்சு, கீழேயும் மேலேயும் கரி நெருப்பு. வீட்டு அவன்ல செய்யணும்னா இந்த அளவுல ஆரம்பிக்கலாம், 20 செ.மீ. தட்டு இரண்டுக்கு வரும்:

அரிசி மாவு 240 கிராம் (ஒட்டும் அரிசி மாவு அல்ல), சர்க்கரை 150 கிராம், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, முட்டை 3, தேங்காயின் முதல் பால் 300 மில்லி, உருக்கிய வெண்ணெய் 45 கிராம்.

பேக்கிங் பவுடரைத் தவிர எல்லாத்தையும் கலந்து அரை மணி நேரம் விடுங்க. இதைத் தாண்டிப் போறவங்கதான் "நறநறன்னு மணல் மாதிரி இருக்கு"ன்னு சொல்றாங்க. காய்ஞ்ச மாவு ஈரத்தை மெதுவாத்தான் குடிக்கும். பேக்கிங் பவுடரை ஊத்தறதுக்கு முன்னாடிதான் போடணும், இல்லேன்னா அதோட வேகம் கிண்ணத்திலேயே தீர்ந்துடும்.

வாழையிலையை நெருப்புல காட்டி வாட்டுங்க. நிறம் கரும்பச்சையா மாறி பளபளக்கும். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும், மாவு அடியில ஒழுகி ஒட்டிக்கும். வெண்ணெய் தடவி விரிச்சு, 190 டிகிரியில 15 நிமிஷம். மேல் பாகம் லேசா இறுகினதும்தான் உப்பு முட்டைத் துண்டும் கேசோங் புத்தியும் (எருமைப்பால் வெள்ளைச் சீஸ்) வைக்கணும். முதல்லயே வச்சா முழுகிப் போயிடும். இன்னும் 10 நிமிஷம், கடைசி 2 நிமிஷம் மேல் நெருப்பு மட்டும். எடுத்த உடனே வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவி, தேங்காய்த் துருவல். நடுவுல பள்ளம் விழுந்தா அவன் கதவை முன்னாடியே திறந்திருப்பீங்க, இல்ல மாவு தண்ணியா போயிருக்கும்.

அடுத்து பூத்தோ பும்போங். புட்டு தெரிஞ்சவங்களுக்கு இது பாதி தெரிஞ்ச மாதிரிதான். மூங்கில் குழாயில ஆவியில வேகற ஊதா நிறப் பண்டம். ஆனா இது ஒட்டும் அரிசி, அதனால உதிரியா இல்லாம வெந்ததும் ஒண்ணா சேர்ந்து இழுக்கும். ஊதா நிறம் பிருருதோங்கிற அரிசியில இருந்து வருது. நம்ம கருப்புக் கவுனி ஞாபகம் வரும். மலக்கிட் (ஒட்டும் வெள்ளை அரிசி) 4 பங்குக்கு பிருருதோங் 1 பங்கு வச்சு ஆரம்பிங்க. பிருருதோங் தோல் கெட்டி, குறைஞ்சது ஒரு ராத்திரி ஊறணும்.

அரைச்ச விழுதை மெல்லிய துணியில கட்டி, மேல கனம் வச்சு ராத்திரி முழுக்க தண்ணியை வடிய விடுங்க. காலையில உதிர்த்து சல்லடையில தேய்க்கணும். புட்டு மாவுப் பதம்தான்: பிடிச்சா பிடிபடணும், உதிர்த்தா உதிரணும். குழாயில போடும்போது அழுத்தவே கூடாது. அழுத்தினா ஆவி நடுவுல ஏறாது, வெளியே வெந்து உள்ளே வெள்ளை மாவா நிக்கும். தப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். மேல் வாயில ஆவி நல்லா வந்ததும் இன்னும் சில நிமிஷம் வச்சு தட்டி எடுத்துடலாம். வெண்ணெய், தேங்காய்த் துருவல், நாட்டுச் சர்க்கரை (மஸ்கொவாடோ).

இன்னொண்ணும் சொல்லணும். எல்லாத்தையும் வீட்டுல செஞ்சாதான் பாரம்பரியம்னு நினைக்காதீங்க. டிசம்பர் 16ல இருந்து 24 வரைக்கும் ஒன்பது நாள் சிம்பாங் கபி விடியற்காலைப் பூசை நடக்கும். பூத்தோ பும்போங் அந்தக் கோயில் வாசல்ல வாங்கி, நின்னுகிட்டே சூடா சாப்பிடற பண்டம். கூடவே சலாபாத், அதாவது இஞ்சித் தண்ணி. பிள்ளைகளை நாலு மணிக்கு எழுப்பிக் கூட்டிட்டுப் போறதே அந்தப் பழக்கத்தோட பாதி. லோலா பிபிங்காவை மட்டும் வீட்டுல எடுத்துக்கோங்க.

---

ஆவிப்பாத்திரம் எழுதியது:

ஃபிளான், எம்புதிடோ, வரிசை மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

லெச்சே ஃபிளானுக்கு பொது அளவு: மஞ்சள் கரு 10, கண்டென்ஸ்டு பால் 390 கிராம், எவாபரேட்டட் பால் 370 மில்லி. பெரிய லியானேரா இரண்டு நிரம்பும். வாசனைக்கு தாயாப் எலுமிச்சையின் தோல் துருவல். இல்லாவிட்டால் கலமன்சி (சின்ன எலுமிச்சை வகை) தோல், பச்சைப் பகுதி மட்டும். வெள்ளை சேர்ந்தால் கசக்கும்.

சர்க்கரையை லியானேராவிலேயே போட்டு நேரடி நெருப்பில் பிடித்து உருக்குவார்கள், தட்டுக்கு 4 முதல் 5 மேசைக்கரண்டி. தேன் நிறத்தைத் தாண்டி செம்பு நிறம் வந்ததும் இறக்குங்கள். சூட்டில் நிறம் தானாக இன்னும் ஒரு படி ஏறும், இறக்கத் தாமதித்தால் கசந்துவிடும்.

கருவை அடிக்காதீர்கள், கரண்டியால் கலக்குங்கள். நுரை வந்தால் அதுதான் பின்னால் ஓட்டையாகும். இரண்டு தடவை வடிகட்டுங்கள். தட்டை ஃபாயிலால் மூடுங்கள், ஆவிப்பாத்திர மூடிக்கு உள்ளே துணி கட்டுங்கள், இல்லாவிட்டால் நீர்த்துளி மேலே சொட்டிக் குழி விழும். அதைவிட முக்கியம் தீ. பாலும் சர்க்கரையும் சேர்ந்த மஞ்சள் கருக் கலவை 80 டிகிரி சுமாரிலேயே இறுகிவிடும், 100 வரை போக வேண்டியதில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்தால் ஃபிளான் ஸ்பாஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும். லேசாக முணுமுணுக்கும் தண்ணீரில் 35 முதல் 40 நிமிடம். தட்டை ஆட்டினால் நடுவில் மட்டும் அசைய வேண்டும், ஓரம் அசையக் கூடாது. ஆறியபின் ஃபிரிட்ஜில் ஓர் இரவு. அந்த நேரத்தில்தான் அடியில் இறுகிய கேரமல் கரைந்து பாகாகும். அவசரப்பட்டுக் கவிழ்த்தால் பாகு தட்டிலேயே தங்கிவிடும்.

எம்புதிடோ: அரைத்த பன்றிக்கறி 1 கிலோ, துருவிய கேரட் 1 கப், உலர்திராட்சை அரை கப், இனிப்பு ஊறுகாய் ரெலிஷ் அரை கப் (பிழிந்து வடித்தது), ரொட்டித்தூள் 1 கப், துருவிய சீஸ் 1 கப், முட்டை 3, உப்பு, மிளகு. நடுவில் அவித்த முட்டையோ சாஸேஜோ. ரெலிஷைப் பிழியாமல் போட்டால் வெட்டும்போது உதிரும். உருளைக்குள் காற்று நின்றாலும் அதேதான், எனவே ஃபாயிலை முறுக்கும்போது இரண்டு முனையையும் இறுக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆவியில். நடுவில் வெப்பமானி குத்தி 71 டிகிரி பாருங்கள். சூடாக வெட்டவே கூடாது.

ஹமோனில் ஒரு குழப்பம் வரும். மணிலா குயாப்போ பக்கம் விற்கும் சீன முறை உலர் ஹமோன் உப்பில் பதப்படுத்தியது. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மூன்று நான்கு தடவை தண்ணீர் மாற்றி, பிறகு அன்னாசிச் சாறும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் வேகவைப்பது. சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் வேகவைத்த ஹமோனை இப்படி ஊறவைத்தால் சப்பென்று ஆகிவிடும். அதற்கு மேலே பாகு பூசி சூடாக்கினால் முடிந்தது. லோலா எதை வாங்குகிறார் என்று முதலில் எழுதுங்கள். கூட ஒரு தகவல்: பிலிப்பைன்ஸில் வணிக, தொழில் துறை ஒவ்வொரு ஆண்டும் ஹமோன், கேசோ தே போலா (உருண்டைச் சீஸ்) மாதிரியான நோச்சே புவேனா பொருட்களுக்கு விலை வழிகாட்டி வெளியிடும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

வரிசையை 24 நள்ளிரவிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்:

லூம்பியா ஒரு வாரம் முன்பே. அரை கிலோ கறிக்கு மெல்லிய விரல் அளவில் 40 வரும். சுருட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் உறையவைத்து, பிறகு பையில் போடுங்கள். பொரிக்கும்போது உறைந்தபடியே எண்ணெயில் இறக்க வேண்டும். வெளியே வைத்து இளகவிட்டால் உறை ஈரமாகி வெடிக்கும்.
எம்புதிடோ 21 அல்லது 22. ஃப்ரீசரிலும் தாங்கும்.
உலர் ஹமோனை 22 மாலை ஊறப்போட்டு, 23 மாலை வேகவையுங்கள். ஃபிளானும் 23.
24 மாலை பிபிங்கா மாவு. பன்சித் கடைசி. 500 கிராம் பிஹோன் (அரிசிச் சேமியா) 10 நிமிடம் ஊறி, சுமார் 4 கப் கறிச்சாற்றில் வேகும். சாறு முழுவதும் வற்றும் முன்பே இறக்குங்கள், அது மேலும் ஒரு மணி நேரம் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். நீளம் ஆயுளுக்கு அடையாளம் என்பதால் சேமியாவை உடைக்காதீர்கள், சண்டை வரும்.

விருந்து பூசைக்கு முன்பே பரப்பிவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கறி, முட்டை, தேங்காய்ப்பால் சேர்ந்தவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருக்க வேண்டாம்.

பிள்ளைகள் விஷயம். 8 வயதுக்கு லூம்பியா உறைகளைப் பிரித்து ஈரத்துணியால் மூடுவது, முனைக்கு முட்டை தடவி ஒட்டுவது, மேதியா நோச்சேக்கு 12 உருண்டைப் பழம் எண்ணித் தேர்ந்தெடுப்பது. (சில வீடுகளில் 13. உங்கள் வீட்டுக் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) 13 வயதுக்கு ஃபிளானை வடிகட்டுவதும் நேரம் பார்ப்பதும். கேரமல் மட்டும் பெரியவர் கையில், பாகு தோலில் ஒட்டினால் எண்ணெயைவிட மோசம். 19க்கு ஒரு பண்டத்தை முழுசாகக் கொடுத்துவிடுங்கள், சந்தைக்குப் போவது முதல் பாத்திரம் கழுவுவது வரை. "கொஞ்சம் கிளறு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் யாரும் எதையும் கற்க மாட்டார்கள்.

---

மணிலா_மருமகள் எழுதியது:

மூவருக்கும் நன்றி, டப்பா எடை யோசனை அருமை. இரண்டு சந்தேகம். பீகோவின் மேல் போடும் லத்திக் அத்தை வீட்டில் பொன்னிறத் தூள் மாதிரி இருக்கும். மாமா செபு (விசாயா தீவுகள்) பக்கம், அவர் தம்பி வீட்டில் லத்திக் என்றால் பாகு. யார் சொல்வது சரி? டின் தேங்காய்ப்பாலில் செய்தால் லத்திக் வரவே மாட்டேன் என்கிறது, ஏன்? அப்புறம் பிருருதோங் கிடைக்காவிட்டால் ஊபே (ஊதாக் கிழங்கு) பொடி போடலாமா?

---

கலபோங்_கிரைண்டர் எழுதியது:

இரண்டு பேரும் சரி. தகாலோக் பக்கம் லத்திக்னா முதல் பாலைக் காய்ச்சி எண்ணெய் பிரிஞ்சதும் அடியில பொன்னிறமாகிற கசடு. விசாயா பக்கம் அதே பேர்ல தேங்காய்ப்பாலும் பழுப்புச் சர்க்கரையும் சேர்ந்த பாகு. தாள்ல "லத்திக் (லோலா முறை)", "லத்திக் (செபு முறை)"ன்னு ரெண்டு தலைப்பு போடுங்க. ஒண்ணா சேர்த்து நடுவுல ஒரு சமரச லத்திக் பண்ணிடாதீங்க.

டின் பால்ல பல பிராண்டுகள்ல பாலும் எண்ணெயும் பிரியாம இருக்க நிலைப்படுத்தி சேர்க்கறாங்க. லத்திக்குக்குப் பிரியணும், அதான் வரல. லேபிள்ல தேங்காயும் தண்ணியும் மட்டும் இருக்கற டின்னைத் தேடுங்க, இல்ல தேங்காய் துருவிப் பிழியுங்க. முதல் பால் 400 மில்லி அகலமான சட்டியில, நடுத்தரத் தீயில அரை மணி நேரம் பக்கம் ஆகும். எண்ணெய் தெளிஞ்சதும் தீயைக் குறைங்க. வெளிர் பழுப்புலயே வடிச்சிடணும். அந்த எண்ணெயைக் கொட்டாதீங்க, பீகோ தட்டுல தடவ அதுதான்.

பீகோவுல இன்னொரு தப்பு: அரிசி முழுசா வேகறதுக்கு முன்னாடி சர்க்கரை சேர்க்கறது. சர்க்கரை ஈரத்தைப் பிடிச்சுக்கும், அப்புறம் எவ்வளவு கிளறினாலும் அரிசி நடுவுல கல்லு. மலக்கிட்டைத் தனியா வேகவச்சிட்டு, 500 கிராம் அரிசிக்கு 300 கிராம் பழுப்புச் சர்க்கரையும் 450 மில்லி தேங்காய்ப்பாலும் தனிச் சட்டியில கரண்டியில படியற அளவு சுண்டவச்சு, அப்புறம் அரிசியைப் போட்டு ஓரத்தை விட்டு வர்ற வரைக்கும் கிளறுங்க. ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, கட்டையாயிடும். மிச்சம் இருந்தா அன்னைக்கே துண்டு போட்டு ஃப்ரீசர்ல வச்சு, வேணும்போது ஆவியில சூடு பண்ணுங்க.

ஊபே போட்டா நிறம் வரும், கடைகள்லயும் போடறாங்க. வாசனை மட்டும் கிழங்கு வாசனை. பூத்தோ பும்போங்குக்கு அது வேண்டாம்னு நான் சொல்வேன், வெள்ளையாவே செஞ்சிடுங்க.

---

தராசுத்தட்டு எழுதியது:

செபு முறைக்கும் அதே டப்பா எடைதான். தம்பி வீட்டிலும் ஒரு தராசு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வீட்டுத் தாளும் ஒரே அளவு அலகில், கிராமிலும் மில்லியிலும் இருக்கட்டும். ஒன்றில் கப், இன்னொன்றில் லாத்தா என்று இருந்தால் பத்து வருடம் கழித்து ஒப்பிட முடியாது. தாளின் மேல் ஓரத்தில் எடுத்த தேதி, எத்தனை பேருக்கு, எந்தச் சட்டி என்ற மூன்றும் வேண்டும்.